ஹாலிவுட்டுக்குக் குடி போகாமலே உலக நடிகை ஆகுறது எப்படி: ஜூலியட் பினோஷை வச்சு ஒரு எளிய விளக்கம்

ஃப்ரெஞ்ச் நடிகை ஒருத்தங்க உலகம் பூரா பேர் வாங்கிட்டாங்கன்னு சொன்னா நம்ம ஆளுங்க உடனே கேக்குறது, ஹாலிவுட்ல என்ன படம் பண்ணாங்கன்னுதான். கேள்வியில தப்பில்ல, ஏன்னா வெளிநாட்டு சினிமான்னா நமக்கு முதல்ல வந்து சேர்றது அமெரிக்கப் படம்தான், அதுல முகம் தெரிஞ்சாதான் பெரிய ஆளுன்னு ஒரு கணக்கு மனசுல உக்காந்துடுச்சு. ஆனா ஃப்ரான்ஸ்ல இருந்து வர்ற நடிகைங்க விஷயத்துல அந்தக் கணக்கு சரியா வராது, அங்க இன்னொரு ரூட் இருக்கு. வீடு வாசல் எல்லாம் ஃப்ரான்ஸ்ல, பெரும்பாலான படமும் அங்கதான், ஆனா போலந்து டைரக்டர், ஆஸ்திரிய டைரக்டர், ஈரான் டைரக்டர், தைவான் டைரக்டர், ஜப்பான் டைரக்டர்னு ஒவ்வொருத்தரா அந்த நடிகையைத் தேடி வருவாங்க. இந்த ரூட்டை யாரை வச்சு விளக்கினா புதுசா வர்றவங்களுக்குப் புரியும்னு கேட்டா நான் சொல்ற பேர் ஜூலியட் பினோஷ். நாற்பது வருஷத்துக்கு மேல நடிச்சிட்டு இருக்காங்க, ஆஸ்கர் இருக்கு, கான், வெனிஸ், பெர்லின்னு ஐரோப்பாவோட பெரிய சினிமா விழா மூணுலயும் வாங்கின விருது இருக்கு, அமெரிக்காவுக்குக் குடி மட்டும் போகல.

1964 மார்ச் 9ஆம் தேதி பாரிஸ்ல பொறந்தாங்க. அப்பா, அம்மா ரெண்டு பேருமே நாடகக்காரங்க, அப்பா சிற்பமும் செய்வார். இவங்களுக்கு நாலு வயசு இருக்கும்போதே பெத்தவங்க பிரிஞ்சுட்டாங்க, அதுக்கப்புறம் ஹாஸ்டல் ஸ்கூல், லீவுல உறவுக்காரங்க வீடுன்னு வளர்ந்தாங்க. பெரிய நடிப்புப் பள்ளியில கொஞ்ச நாள் படிச்சுப் பார்த்தாங்க, ஒத்து வரல, வெளிய வந்து தனியா ஒரு டீச்சர்கிட்ட நடிப்பு கத்துக்கிட்டாங்க. கோதார்னு பேர் பெற்ற ஃப்ரெஞ்ச் டைரக்டர் படத்துல சின்ன ரோல் கிடைச்சது, அந்தக் காலகட்டத்துல இன்னும் சில படங்கள்லயும் தலை காட்டினாங்க, இதையெல்லாம் வேகமா தாண்டிடலாம்.

நிக்க வேண்டிய இடம் 1985. ஆந்த்ரே தெஷினேன்னு ஒரு டைரக்டர் 'ரான்தெவூ'ன்னு ஒரு படம் எடுத்தார், நடிகையாகணும்னு ஊர்ல இருந்து பாரிஸுக்கு வர்ற பொண்ணு கதை, அந்தப் பொண்ணா ஜூலியட். படம் கான் விழாவுக்குப் போச்சு, தெஷினேவுக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைச்சது, 21 வயசுல இவங்க ஒரே ஆண்டுல ஃப்ரான்ஸ் முழுக்கத் தெரிஞ்ச முகமாயிட்டாங்க. இங்கதான் முதல் விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். நம்ம ஊர்ல ஒரு நடிகை உச்சத்துக்குப் போனாங்களா இல்லையான்னு முடிவு பண்றது முதல் நாள் கலெக்‌ஷனும் எந்த ஹீரோ கூட நடிச்சாங்கங்கிறதும்தான். ஃப்ரான்ஸ்ல அதுவும் உண்டு, ஆனா அதுக்கு இணையா இன்னொரு வாசல் இருக்கு, அது கான் விழா. மே மாசத்துல பன்னெண்டு நாள் அந்தக் கடற்கரை ஊர்ல உலகத்துல இருக்கிற டைரக்டர், ப்ரொட்யூசர், விமர்சகர், டிஸ்ட்ரிப்யூட்டர் அத்தனை பேரும் கூடுவாங்க, அங்க ஒரு படம் ஓடுச்சுன்னா அந்தப் பொண்ணோட முகத்தை நியூயார்க்ல இருந்து வந்தவரும் பார்ப்பார், டோக்கியோவுல இருந்து வந்தவரும் பார்ப்பார். அதாவது ஒரு ஃப்ரெஞ்ச் நடிகை தன் மொழியில, தன் நாட்டுல நடிச்ச படத்தை வச்சே உலகத்து முன்னாடி நிக்க முடியும், அதுக்காக விமானம் ஏற வேண்டியதில்ல. இந்த வசதி எல்லா நாட்டு நடிகைக்கும் கிடையாது.

அடுத்து 1988ல 'தி அன்பேரபிள் லைட்னஸ் ஆஃப் பீயிங்', மிலன் குந்தேரா நாவல், டைரக்டர் ஃபிலிப் காஃப்மன் அமெரிக்கர், கூட நடிச்சது டேனியல் டே-லூயிஸ். அதுதான் இவங்களோட முதல் இங்கிலிஷ் படம், அப்போ இவங்களுக்கு இங்கிலிஷ் ஒண்ணும் சரளம் கிடையாது. கதை நடக்கிறது செக்கோஸ்லோவாக்கியாவுல, 1968ல சோவியத் டாங்கிகள் ப்ராக் நகரத்துக்குள்ள நுழைஞ்ச நேரம். ஆனா 80கள்ல அங்க கம்யூனிஸ்ட் ஆட்சி, அந்தக் கதையை அங்க எடுக்க விடவே மாட்டாங்க, அதனால ஃப்ரான்ஸ்ல இருக்கிற லியோன் நகரத்தையே ப்ராகா மாத்தி எடுத்தாங்க. பாருங்க, அமெரிக்கப் படத்துல நடிச்சதுக்கும் ஷூட்டிங் நடந்தது ஃப்ரான்ஸ்லதான்.

இந்தப் படம் வந்ததும் வேற யாராவதா இருந்தா லாஸ் ஏஞ்சலஸ்ல வீடு பார்த்திருப்பாங்க. இவங்க என்ன பண்ணாங்கன்னா, லியோஸ் காராக்ஸ்னு ஒரு பிடிவாதக்கார இளம் டைரக்டர் கூடப் பாலத்துல போய் உக்காந்தாங்க. ஏற்கனவே 1986ல அவரோட ஒரு படம் பண்ணியிருந்தாங்க, ரெண்டு பேரும் அப்போ காதலர்கள். படம் பேரு 'லே ஸாமான் து போன்-நெஃப்', பாரிஸ்ல இருக்கிற பழைய பாலத்துல படுத்துக் கிடக்கிற வீடில்லாத ரெண்டு பேர் கதை, இவங்க பார்வை போயிட்டு இருக்கிற ஓவியர். நிஜப் பாலத்துல எடுக்க நகராட்சி கொஞ்ச நாள்தான் அனுமதி கொடுத்தது, அந்த நேரம் பார்த்து ஹீரோ டெனி லவான் கையில அடிபட்டுடுச்சு, அனுமதி காலம் போச்சு. சரி வேற வழியில்லன்னு தெற்கு ஃப்ரான்ஸ்ல மோன்பெலியே பக்கத்துல வயல்வெளியில பாலத்தையும் சுத்தியிருக்கிற கட்டிட முகப்பையும் செட்டாவே போட்டாங்க, தண்ணி உட்பட. பாதியில காசு தீர்ந்துச்சு, ப்ரொட்யூசர் மாறினாங்க, நின்னுச்சு, திரும்ப ஆரம்பிச்சது, திரும்ப நின்னுச்சு. 1988ல தொடங்கின படம் 1991ல ரிலீஸ். வயசு 24ல இருந்து 27 வரைக்கும், ஒரு நடிகைக்கு மார்க்கெட் உச்சத்துல இருக்கும்னு எல்லாரும் சொல்ற வருஷங்கள், அதுல பெரும்பகுதியை இந்த ஒரே படத்துக்காகக் கொடுத்தாங்க. படம் முடியுறதுக்குள்ள காதலும் முடிஞ்சுது. ஆனா அந்தப் படத்துல வாணவேடிக்கை வெடிச்சுக்கிட்டே இருக்க, சேன் நதியில இவங்க ஸ்கீயிங் பண்ணிக்கிட்டுப் போற காட்சி ஒண்ணு இருக்கு, அதைப் பார்த்தவங்க யாரும் அந்த மூணு வருஷம் வீணாப் போச்சுன்னு சொல்ல மாட்டாங்க. ஐரோப்பிய சினிமா விருதுல சிறந்த நடிகை விருதும் வந்துச்சு.

இப்ப ஒரு கேள்வி வரும், வரணும். இவ்ளோ ரிஸ்க்கான படங்களுக்கு யார் காசு போடுறாங்க? இதுதான் இந்த விஷயத்தோட அஸ்திவாரம், இது புரியலன்னா மத்ததெல்லாம் அதிர்ஷ்டம் மாதிரித் தெரியும்.

ஃப்ரான்ஸ்ல சினிமாவுக்குன்னே ஒரு அரசு அமைப்பு இருக்கு, சிஎன்சின்னு சொல்வாங்க, 1946ல ஆரம்பிச்சது. அங்க தியேட்டர்ல விக்கிற ஒவ்வொரு டிக்கெட்லயும் ஒரு பங்கு, இப்போ 10.72 சதவீதம், அந்த அமைப்புக்குப் போயிடும். நம்ம ஊர்ல கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூல் பண்ற மாதிரின்னு வச்சுக்கலாம், யார் வீட்டுல என்ன நடக்குதுன்னு பார்க்கிறதில்ல, எல்லாரும் கொடுக்கணும், அந்தக் காசுல ஊருக்கே திருவிழா நடக்கும். டிக்கெட் ஃப்ரெஞ்ச் படத்துக்கா அமெரிக்கப் படத்துக்கான்னு வித்தியாசம் கிடையாது. டிவி சேனல்களும் கட்டணும், அதோட சேனல்கள் நேரடியாவும் படங்கள்ல பணம் போட்டே ஆகணும்னு விதி இருக்கு, 1984ல வந்த கனால் ப்ளஸ் சேனல் இதுல பெரிய பங்கு. இந்தப் பணத்துல ஒரு பகுதி, ஸ்க்ரிப்டைப் படிச்சுப் பார்த்து தேர்ந்தெடுக்கிற கமிட்டி மூலமா, ஓடுமா ஓடாதான்னு தெரியாத படங்களுக்கு முன்பணமாப் போகும், படம் சம்பாதிச்சா திருப்பிக் கட்டலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம், இந்தப் பணம் ஃப்ரெஞ்ச்காரங்களுக்கு மட்டும் இல்ல. வெளிநாட்டு டைரக்டர் ஒருத்தர் ஃப்ரெஞ்ச் ப்ரொட்யூசரோட கூட்டு சேர்ந்தா அவருக்கும் இந்தக் கதவு திறக்கும். பாயல் கபாடியாவோட 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' பார்த்திருப்பீங்க, மும்பையில இருக்கிற மலையாள நர்ஸுங்க கதை, அதுல கூட ஃப்ரெஞ்ச் தயாரிப்புக் கம்பெனி இருக்கு. அப்படி வெளிநாட்டு டைரக்டர் ஃப்ரான்ஸுக்கு வந்து படம் எடுக்கும்போது அவருக்கு ஒரு ஃப்ரெஞ்ச் நடிகை வேணும்ல? அந்த இடத்துலதான் ஜூலியட் பினோஷ் நிக்கிறாங்க. அவங்க உலகத்தைத் தேடிப் போகாம உலகம் அவங்க வாசலுக்கு வந்ததுக்குப் பின்னாடி இந்தப் பணத்தோட ஓட்டமும் இருக்கு. திறமை இல்லாம இது நடக்காது, ஆனா திறமை மட்டும் இருந்து இந்த ஏற்பாடு இல்லன்னாலும் நடந்திருக்காது, ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

இந்த ஏற்பாடு நடைமுறையில எப்படி வேலை செஞ்சதுன்னு பார்க்கணும்னா 1993ஐப் பார்த்தா போதும். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 'ஜுராசிக் பார்க்'ல நடிக்கக் கூப்பிட்டார். அதே நேரத்துல போலந்து டைரக்டர் கிஷ்லோவ்ஸ்கி 'த்ரீ கலர்ஸ்: ப்ளூ'ல நடிக்கக் கூப்பிட்டார். இவங்க டைனோசரை விட்டுட்டு ப்ளூவைப் பிடிச்சாங்க. ஜுராசிக் பார்க் அதுவரைக்கும் உலகத்துல வந்த படங்கள்லயே அதிக வசூல் பண்ண படமாச்சு. ப்ளூ வெனிஸ் விழாவோட பெரிய விருதான தங்கச் சிங்கத்தை வாங்கிச்சு, இவங்க அங்க சிறந்த நடிகை, அடுத்த வருஷம் ஃப்ரான்ஸோட சேஸார் விருதும் இவங்களுக்கே. அந்த வருஷ இலையுதிர் காலத்துல ஃப்ரெஞ்ச் தியேட்டர்கள்ல ஜுராசிக் பார்க் ஓடினப்போ ஒவ்வொரு டிக்கெட்லயும் ஒரு பங்கு, மேல சொன்னேன்ல, அந்தப் பொது நிதிக்குப் போச்சு. அதாவது இவங்க வேணாம்னு சொன்ன படத்தோட காசே இவங்க நடிக்க விரும்புற மாதிரிப் படங்களுக்கு உரமாச்சு. அதே வருஷம் உலக வணிகப் பேச்சுவார்த்தையில அமெரிக்கா, சினிமாவையும் மத்த சரக்கு மாதிரியே திறந்து விடுங்கன்னு கேட்டப்போ ஃப்ரான்ஸ் முடியாதுன்னு ஒத்தைக் கால்ல நின்னுச்சு, கலாச்சாரம் சரக்கு இல்லன்னு வாதாடி ஜெயிச்சது. இந்தப் பின்னணி தெரிஞ்சா அவங்க எடுத்த முடிவு வெறும் தனிப்பட்ட ரசனையா மட்டும் தெரியாது.

ப்ளூ பத்திக் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா இவங்க நடிப்பு எப்படிப்பட்டதுன்னு இதுலதான் தெளிவாத் தெரியும். கார் விபத்துல புருஷனும் சின்னப் பொண்ணும் செத்துடுறாங்க, இவங்க மட்டும் பிழைக்கிறாங்க, அதுக்கப்புறம் யாரும் வேணாம், எந்த நினைப்பும் வேணாம்னு பாரிஸ்ல தனியா ஒரு வீடு எடுத்துத் தங்குறாங்க. கதை இவ்வளவுதான். நம்ம படமா இருந்தா இந்த இடத்துல நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுற காட்சி ஒண்ணு கண்டிப்பா இருக்கும். இங்க அழுறது வீட்டு வேலைக்காரம்மா, ஏன் அழுறீங்கன்னு இவங்க கேக்குறாங்க, நீங்க அழலையே அதனாலதான்னு அவங்க சொல்றாங்க. கைப்பைக்குள்ள கையை விடுறப்போ பொண்ணு சாப்பிடாம விட்ட லாலிபாப் ஒண்ணு கிடைக்குது, நீல நிறக் காகிதம் சுத்தினது, அதைப் பிரிச்சு வாயில போட்டு நறநறன்னு கடிச்சு வேகவேகமா முழுங்குறாங்க. சப்பிச் சாப்பிட வேண்டிய மிட்டாயை அந்த அவசரத்துல ஒரு அம்மா கடிச்சு முடிக்கிறதைப் பார்க்கிறப்போ நமக்குத் தொண்டை அடைக்கும், ஆனா திரையில கண்ணீர் ஒரு சொட்டு இல்ல. இன்னொரு காட்சியில காஃபி ஷாப்ல இவங்களைத் தேடி ஒருத்தர் வந்து பேசிட்டு இருக்கார், இவங்க சர்க்கரைக் கட்டி ஒண்ணைக் காஃபியில முனை மட்டும் படுற மாதிரிப் பிடிச்சிருக்காங்க, காஃபி அப்படியே ஏறி வெள்ளைக் கட்டி பழுப்பாகுது, கேமரா அதை மட்டும் பார்க்குது. இந்தப் பொண்ணுக்கு எதிர்ல இருக்கிற ஆள் மேல அக்கறை இல்ல, கையில இருக்கிற இந்தச் சின்னப் பொருள் மட்டும்தான் இப்ப அவளோட உலகம்னு காட்டுறதுக்காக அந்த ஷாட். அது சுமார் 5 செகண்ட்ல நனையணும், அதுக்கு மேல போனா பார்க்கிறவங்களுக்குப் பொறுமை போயிடும்னு கிஷ்லோவ்ஸ்கி கணக்குப் போட்டு, உதவியாளரை விட்டு விதவிதமான சர்க்கரைக் கட்டியை நனைச்சுப் பார்க்கச் சொன்னாராம். இவ்வளவு நுணுக்கமா வேலை செய்யுற ஆளுங்க கிட்டப் போய் நிக்கணும்னுதான் இவங்க ஆசைப்பட்டாங்க.

சரி, ஆஸ்கருக்கு வருவோம். 1996ல வந்த 'தி இங்கிலிஷ் பேஷண்ட்'. நம்ம பக்கத்துக்கும் இந்தப் படத்துக்கும் நிஜமான தொடர்பு ஒண்ணு இருக்கு, நாவலை எழுதினவர் மைக்கேல் ஒண்டாச்சி, கொழும்புல பொறந்தவர், அப்புறம் கனடாவுல குடியேறினவர், இந்த நாவலுக்கு 1992ல புக்கர் பரிசு வாங்கினார். ரெண்டாம் உலகப் போர் முடியப் போற நேரம், இத்தாலியில இடிஞ்சு போன ஒரு மடத்துல, உடம்பு முழுக்க எரிஞ்சு போன நோயாளி ஒருத்தரை வச்சுப் பார்த்துக்கிற நர்ஸ் ஹானாதான் ஜூலியட். நாவல்ல ஹானா டொராண்டோ பொண்ணு, படத்துல ஃப்ரெஞ்ச் பேசுற கனடாப் பொண்ணா மாத்திட்டாங்க, அதனால அவங்களோட உச்சரிப்பு ஒரு குறையாத் தெரியாம அந்தக் கேரக்டரோடவே ஒட்டிக்கிச்சு. வெளிநாட்டு நடிகைங்க இங்கிலிஷ் படத்துக்குப் போறப்போ வர்ற முதல் தலைவலியே உச்சரிப்புதான், எழுதுறவங்க மனசு வச்சா எவ்ளோ சுலபமா சரி பண்ணலாம்னு இதுல தெரியும்.

அதுல ஒரு காட்சி. குண்டு செயலிழக்க வைக்கிற சீக்கிய சிப்பாய் கிப், நவீன் ஆண்ட்ரூஸ் நடிச்சது, ராத்திரியில இவங்களை ஒரு சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறான். இவங்க இடுப்புல கயித்தைக் கட்டி, கையில எரியுற ஃப்ளேர் ஒண்ணைக் கொடுத்து, அந்தப் பக்கம் கயித்தைப் பிடிச்சு இழுத்து மேல தூக்கி விடுறான். சுவர்ல பியரோ தெல்லா ஃப்ரான்செஸ்கா வரைஞ்ச 15ஆம் நூற்றாண்டு ஓவியங்கள், இவங்க அந்தரத்துல ஊஞ்சல் ஆடுற மாதிரி ஒரு முகத்துல இருந்து இன்னொரு முகத்துக்குப் போறாங்க, சிரிக்கிறாங்க. போர், பொணம், ரத்தம்னு பார்த்துப் பார்த்துச் சலிச்ச ஒரு நர்ஸுக்கு வர்ற சந்தோஷம் அது. எடுத்தது இத்தாலியில அரெட்ஸோ ஊர்ல நிஜமாவே அந்த ஓவியங்கள் இருக்கிற சர்ச்லதான்.

படம் 12 ஆஸ்கர் நாமினேஷன் வாங்கி 9 ஜெயிச்சது, அதுல ஒண்ணு சிறந்த துணை நடிகையா ஜூலியட்டுக்கு. 1997 மார்ச்ல நடந்த விழா. அன்னைக்கு எல்லாரும் லாரன் பகாலுக்குத்தான் கிடைக்கும்னு எதிர்பார்த்தாங்க, ஹாலிவுட்டோட பெரியம்மா அவங்க, எழுபது தாண்டி முதல் முறையா நாமினேட் ஆகியிருந்தாங்க. மேடையேறின ஜூலியட், தான் எதுவும் தயார் பண்ணிட்டு வரல, லாரனுக்குத்தான் கிடைக்கும்னு நினைச்சேன், அவங்கதான் இதுக்குத் தகுதின்னு நெகிழ்ந்து பேசினாங்க. இதுக்கு முன்னாடி 1960ல சிமோன் சின்யோரேங்கிற ஃப்ரெஞ்ச் நடிகை ஒரு பிரிட்டிஷ் படத்துக்காக ஆஸ்கர் வாங்கியிருந்தாங்க, பின்னாடி 2008ல மரியான் கோத்தியார் ஃப்ரெஞ்ச் பேசி நடிச்ச படத்துக்கே வாங்கினாங்க. இந்த மூணு பேரையும் வரிசையா வச்சுப் பார்த்தா ஃப்ரெஞ்ச் நடிகைங்க போன தூரம் தெரியும்.

ஆஸ்கருக்கு அப்புறம் என்ன பண்ணாங்கங்கிறதுதான் எனக்கு இவங்க மேல மரியாதையைக் கூட்டுற விஷயம். 2000ல 'ஷொகோலா' பண்ணாங்க, ஜானி டெப் கூட, இங்கிலிஷ்ல, இனிப்பான கதை, சிறந்த நடிகைக்கான நாமினேஷனும் வந்துச்சு. அதே 2000ல ஆஸ்திரியாவைச் சேர்ந்த மைக்கேல் ஹனேகே கூட 'கோட் அன்னோன்' பண்ணாங்க, கொஞ்சம் கூட இனிப்பே இல்லாத படம். அதே நேரத்துல நியூயார்க்ல ப்ராட்வே மேடையில ஹரால்ட் பின்டர் நாடகத்துல நடிச்சு, நாடகத்துக்குன்னே கொடுக்கிற டோனி விருதுக்கு நாமினேட் ஆனாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு திரும்ப ஹனேகே கூட 'காஷே'. பாரிஸ்ல வசதியா வாழுற ஒரு தம்பதி வீட்டு வாசல்ல யாரோ வீடியோ கேசட் வச்சுட்டுப் போறாங்க, போட்டுப் பார்த்தா அவங்க வீட்டையே யாரோ மணிக்கணக்கா எடுத்திருக்காங்க. த்ரில்லர் மாதிரித் தொடங்கி, 1961ல பாரிஸ் போலீஸ் அல்ஜீரியர்களைக் கொன்ன வரலாறு வரைக்கும் போகும். ஹாலிவுட் விலாசத்துக்கு மாறியிருந்தா இந்தப் படம் அவங்க கைக்கு வந்திருக்காது.

தைவான்ல இருந்து ஹோ ஷியாவ்-ஷியென் வந்தார், பாரிஸ்ல 'ஃப்ளைட் ஆஃப் தி ரெட் பலூன்' எடுத்தார், அதுக்குப் பின்னாடி ஓர்சே மியூசியம் இருந்துச்சு, ஒரு மியூசியம் படத்துக்குக் காசு போடுறதை நம்ம ஊர்ல நினைச்சுப் பார்க்க முடியுதா? ஈரான்ல இருந்து அப்பாஸ் கியரோஸ்தமி. இவங்க தெஹ்ரான் போயிருந்தப்போ அவர் தன் வாழ்க்கையில நடந்ததுன்னு ஒரு கதை சொன்னாராம், இவங்க அப்படியே நம்பிக் கேட்டாங்களாம், முடிச்சதும் இது நிஜம் இல்லன்னு அவர் சொல்ல, இவங்க வாய்விட்டுச் சிரிச்சுட்டாங்களாம், அந்த முகபாவத்தைப் பார்த்தே இதைப் படமா எடுக்கலாம்னு அவருக்குத் தோணிச்சாம். அதுதான் 'சர்டிஃபைட் காப்பி'. இத்தாலியில எடுத்த படம், ஃப்ரெஞ்ச், இங்கிலிஷ், இத்தாலியன் மூணும் மாறி மாறிப் பேசுறாங்க, கூட நடிச்சவர் வில்லியம் ஷிமெல், சினிமா நடிகரே இல்ல, ஆப்பரா பாடகர். ஒரு இடத்துல சாப்பாட்டுக் கடை பாத்ரூம்ல கண்ணாடி முன்னாடி நின்னு லிப்ஸ்டிக் போட்டு, கம்மல் மாத்திப் பார்ப்பாங்க, கேமராதான் அந்தக் கண்ணாடி, அதாவது நேரா நம்ம முகத்தைப் பார்த்து அலங்காரம் பண்றாங்க. வசனமே இல்லாம ஒரு பொண்ணோட ஆசையும் கூச்சமும் அந்த ஒரு நிமிஷத்துல வந்துடும்.

இந்தப் படத்துக்கு 2010ல கான்ல சிறந்த நடிகை விருது. இதோட ஐரோப்பாவோட மூணு பெரிய விழாவுலயும், அதாவது 1993ல வெனிஸ், 1997ல இங்கிலிஷ் பேஷண்டுக்காக பெர்லின், 2010ல கான், மூணுலயும் நடிகை விருது வாங்கின முதல் ஆள் ஆனாங்க. இந்த மூணுல எதுலயும் ஓட்டு போடுறது பெரிய சங்கம் கிடையாது, பத்துப் பேருக்குள்ள இருக்கிற ஜூரி, அதுவும் வருஷத்துக்கு வருஷம் மாறும், வேற வேற நாட்டுக்காரங்க. அதனால ப்ரமோஷன் பண்ணி, பார்ட்டி வச்சு ஆதரவு திரட்டுறதுக்கு வழி ரொம்பக் கம்மி. ஆஸ்கர்ல அந்த வேலை மாசக்கணக்கா நடக்கும். ஆஸ்கரை விட இதைப் பெருசா மதிக்கிறவங்க ஏன் மதிக்கிறாங்கன்னு இப்ப புரியும்.

அந்த 2010 விழாவுல ஒரு காலி நாற்காலி இருந்துச்சு. ஈரான் டைரக்டர் ஜாஃபர் பனாஹியை ஜூரியில உக்காரக் கூப்பிட்டிருந்தாங்க, ஆனா அவர் தெஹ்ரான் ஜெயில்ல இருந்தார். அவர் உண்ணாவிரதம் இருக்கார்னு ப்ரெஸ் மீட்ல கேட்டதும் ஜூலியட் அங்கயே அழுதுட்டாங்க, ப்ளூல அந்த லாலிபாப் காட்சியில ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஆள். விருது வாங்க மேடையேறினப்போ பனாஹி பேர் எழுதின அட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. சில நாள்ல அவர் ஜாமீன்ல வெளிய வந்தார், ஆனா படம் எடுக்கத் தடை, நாட்டை விட்டுப் போகத் தடைன்னு வருஷக்கணக்கா இழுத்துச்சு. 2025ல கான் ஜூரிக்குத் தலைவரா ஜூலியட் பினோஷ், அந்த ஜூரியில நம்ம பாயல் கபாடியாவும் ஒரு ஆள், அவங்க கொடுத்த தங்கப் பனை, அதாவது கான் விழாவோட பெரிய விருது, ஜாஃபர் பனாஹிக்கு, 'இட் வாஸ் ஜஸ்ட் அன் ஆக்ஸிடென்ட்' படத்துக்காக, அதை வாங்க அவரே நேர்ல வந்திருந்தார். பதினஞ்சு வருஷம். எனக்கு இதைப் படிச்சப்போ உடம்பு சிலிர்த்துடுச்சு.

ஹாலிவுட்டே பண்ணலையான்னா, பண்ணாங்க, தேவைப்படுறப்போ போய்ட்டு வருவாங்க. 2014 'காட்ஸில்லா'வுல சீக்கிரமே செத்துப் போற ரோல், 2017ல 'கோஸ்ட் இன் தி ஷெல்'ல விஞ்ஞானி. இதுல அவங்களைத் தேடாதீங்க, அவங்க பலம் அங்க இல்ல. அதே 2014ல ஒலிவியே அசாயாஸ் எடுத்த 'க்ளவுட்ஸ் ஆஃப் சில்ஸ் மரியா'வைப் பாருங்க. ரான்தெவூவுக்குத் தெஷினேவோட சேர்ந்து ஸ்க்ரிப்ட் எழுதினவர் இந்த அசாயாஸ்தான், இருபத்தொம்பது வருஷம் கழிச்சு இவங்களுக்காக வயசாகுற ஒரு நடிகை கதை எழுதினார், சின்ன வயசுல தனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த நாடகத்துல இப்ப வயசான பொம்பளை வேஷத்துக்குக் கூப்பிடுறாங்க, அதை ஏத்துக்க முடியாம தவிக்கிறா. அசிஸ்டெண்டா வர்ற கிறிஸ்டன் ஸ்டூவர்ட்டுக்கு சேஸார் விருது கிடைச்சது, கௌரவ விருதுகளை விட்டுட்டுப் பார்த்தா அமெரிக்க நடிகைக்குக் கிடைச்ச முதல் சேஸார்.

நடுவுல 2008ல டான்ஸும் ஆடினாங்க. முறையா நடனமே கத்துக்காத ஆள், 44 வயசுல, வங்கதேச வம்சாவளி லண்டன் கலைஞர் அக்ரம் கான் கூட ஜோடியா மேடை ஏறினாங்க, அவர் கதக் கத்துக்கிட்டு வந்தவர், மேடை அமைப்பு மும்பையில பொறந்த அனீஷ் கபூர். லண்டன்ல ஆரம்பிச்சு பல நாடு சுத்தினாங்க. ஓவியமும் வரைவாங்க. ஒரு நடிகை நாற்பது வயசுக்கு மேல புதுசா ஒண்ணைக் கத்துக்கிட்டு எல்லார் முன்னாடியும் நிக்கிறதுக்குத் தனித் தைரியம் வேணும்.

வயசுன்னு வந்ததும் ஒண்ணு சொல்லியே ஆகணும். கான் விருது வாங்கினப்போ இவங்களுக்கு 46. 2023ல த்ரான் ஆன் ஹுங் எடுத்த 'தி டேஸ்ட் ஆஃப் திங்ஸ்'ல காதலியா நடிச்சப்போ அறுபதை நெருங்கிட்டாங்க. 'ப்ளூ'ல இவங்களுக்கு அம்மாவா வந்த எம்மானுவெல் ரிவா தன்னோட 85ஆவது வயசுல ஹனேகே படத்துக்காக ஆஸ்கர் சிறந்த நடிகை நாமினேஷன் வாங்கினாங்க. நம்ம ஊர்ல நாற்பது தாண்டினா அக்கா, அண்ணி, அம்மான்னு ஓரங்கட்டிடுறோம், நல்லா நடிக்கிற எத்தனை பேரை இப்படி இழந்திருக்கோம்னு நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு.

புதுசாப் பார்க்கப் போறீங்கன்னா, எடுத்ததும் காராக்ஸ், ஹனேகேன்னு குதிக்காதீங்க, பயந்துடுவீங்க. முதல்ல 'தி டேஸ்ட் ஆஃப் திங்ஸ்' பாருங்க. 19ஆம் நூற்றாண்டு ஃப்ரான்ஸ், ஒரு பணக்கார சாப்பாட்டு ரசிகர், அவருக்கு இருபது வருஷமா சமைச்சுப் போடுற யூஜெனிங்கிற கேரக்டர் இவங்க, ஆரம்பத்துல ரொம்ப நேரத்துக்குப் பேச்சு குறைவு, சமையல்தான், அடுப்பு, சட்டி, வெண்ணெய், மீன், காய்கறின்னு அவங்க நடமாடுறதைப் பார்த்தா அந்த அடுப்படியிலேயே பொறந்து வளர்ந்தவங்கன்னு தோணும். கூட நடிச்ச பெனுவா மாஜிமெல் நிஜ வாழ்க்கையில ஒரு காலத்துல இவங்களோட துணையா இருந்தவர், பிரிஞ்சு இருபது வருஷம் கழிச்சு சேர்ந்து நடிச்ச படம், அது ரெண்டு பேர் பார்வையிலயும் தெரியும். அடுத்து 'தி இங்கிலிஷ் பேஷண்ட்', நீளமான படம், லீவு நாள்ல உக்காருங்க. அதுக்கப்புறம் 'ப்ளூ', அதை மட்டும் தனியா, ஃபோனைத் தள்ளி வச்சுட்டு. அது பிடிச்சுப் போச்சுன்னா 'சர்டிஃபைட் காப்பி', 'காஷே', கடைசியா அந்தப் பாலத்துப் படம். நடுவுல கொஞ்சம் சிரிக்கணும்னா 'கால் மை ஏஜென்ட்' சீரிஸோட ரெண்டாவது சீசன் கடைசி எபிசோட்ல அவங்க அவங்களாவே வருவாங்க, கான் விழாவுக்குப் போற ஒரு நடிகையைச் சுத்தி எத்தனை பேர் ஓடுறாங்கன்னு அதுல தெரியும். சப்டைட்டில் போட்டு ஃப்ரெஞ்ச்லயே பாருங்க, டப்பிங் வேணாம், அவங்க குரல்ல பாதி நடிப்பு இருக்கு.